மடியில் விரிக்கும் துணி

ஜனவரி 17, சனி. திருச்சி விமான நிலையம்

பொங்கல் பானையை இன்னும் கழுவிக் கவிழ்க்கவில்லை, அதற்குள் என்னை விமானம் ஏற்றுகிறார்கள். போக வேண்டியவர் எங்கள் முதலாளி தங்கமுத்து அண்ணன். வருஷா வருஷம் அவர்தான் பிரான்சுக்குப் போவார். இந்தத் தடவை பைக்கிலிருந்து விழுந்து, காலில் கட்டுடன் படுத்துவிட்டார். "சாந்தாமணி, நீயே போயிட்டு வந்துரு அம்மிணி. சாம்பிள் பத்தி உன்னையாட்ட எவனுக்குந் தெரியாது" என்றார். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் என்று கார்டில் பெருமையாகப் போட்டுக்கொண்டேன் அல்லவா, அதற்குத் தண்டனை.

விஷயம் இதுதான். கரூரில் நாங்கள் தைக்கிற நாப்கின்களில் பெரும்பகுதி ரூபே என்ற ஊரில் உள்ள ஒரு கம்பெனிக்குப் போகிறது. சாப்பாட்டு மேஜையில் வைக்கிற பருத்தி நாப்கின். போன சீசனில் சரக்கு எடுத்த கடைக்காரர்கள் யாரும் மறுபடி கேட்கவில்லையாம். எங்களிடமே தொடர்வதா, போர்ச்சுகல்காரர்களிடம் கொடுப்பதா என்று இந்த மாதத்துக்குள் முடிவு செய்யப்போகிறார்கள். ஆர்டர் கைவிட்டுப் போனால் தையல் ஹாலை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அண்ணன் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

எனக்கென்ன? எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும். நாச்சம்மா அக்காவுக்குக் கிடைக்குமா, நசீமாவுக்குக் கிடைக்குமா என்றெல்லாம் நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? வீடு வீடாகப் போய் அவர்களை வேலைக்குக் கூட்டி வந்தவள் நான் என்பது வேறு விஷயம்.

ஜனவரி 19, திங்கள். ரூபே

பல் தந்தியடிக்கிறது. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பிரயோஜனமில்லை.

கம்பெனி பழைய செங்கல் கட்டடம். முதலாளி அம்மாள் பெயர் மதாம் வெர்க்கின். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. கொள்முதல் பார்க்கிறவன் பஸ்தியான். மீசை வைத்த இளவட்டம். கணக்குப் பிரிவில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்கக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் பெர்நாதெத். தாத்தா காரைக்காலாம். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ஆனாலும் வீட்டில் தமிழ் பேசியிருக்கிறார்கள். என் இங்கிலீஷ் தடுக்குகிற இடத்திலெல்லாம் இவள்தான் மொழிபெயர்க்கப் போகிறாளாம். மகராசி, நன்றாக இருக்கட்டும்.

இங்கே காலையில் வந்ததும் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகுலுக்குகிறார்கள். மேஜை மேஜையாக, கோயிலில் சந்நிதி சந்நிதியாகக் கும்பிடுகிற மாதிரி. நானும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். மத்தியானம் நடையில் பஸ்தியான் எதிரே வந்தபோது மரியாதையாகக் கையை நீட்டினேன். அவன் கொஞ்சம் முழித்து, "நாம் காலையிலேயே பார்த்துக்கொண்டோமே" என்றான்.

"அக்கா, ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு தடவதான்" என்றாள் பெர்நாதெத். "ரெண்டாவது தடவ கை குடுத்தா, காலைல உங்களப் பாத்தது எனக்கு ஞாபகமே இல்லன்னு அர்த்தம்."

மரியாதை கொஞ்சம் கூடினாலும் குற்றமா? இதென்னடா கூத்து!

ஜனவரி 20, செவ்வாய்

ஆர்டர் பற்றி இன்றும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சூப் நன்றாக இருந்தது.

ஜனவரி 21, புதன்

மதாம், பஸ்தியான், பெர்நாதெத், நான், நான்கு பேரும் வெளியே சாப்பிடப் போனோம். சரி, இன்றைக்குப் பேசித் தீர்த்துவிடலாம் என்று சாம்பிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். முதல் தட்டு வந்ததும் நீல நாப்கினை எடுத்து மேஜைமேல் விரித்து, "இது எங்கள் புது நெசவு, மதாம்" என்று ஆரம்பித்தேன். அவர் துணியைப் பார்க்கவே இல்லை. "கரூரில் ஆறு இருக்கிறதா?" என்று கேட்டார். பஸ்தியான் மெனு அட்டையை எடுத்து என் நாப்கின்மேல் மெதுவாக வைத்து மூடினான். அநாதைப் பிணத்தை மூடுகிற மாதிரி!

அப்புறம் காவிரி, அமராவதி, முருங்கைக்காய், என் வீட்டுக்காரர் பார்க்கிற பஸ் பாடி கட்டுகிற வேலை, அவர்கள் ஊர் மேயர், ஏதோ ஒரு சினிமா என்று பேச்சு ஊர் சுற்றியது. அவர்கள் மூன்று பேரும் அந்தச் சினிமாவைப் பற்றி மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். சீஸ் வந்தது, போனது. காப்பி வந்த பிறகுதான் மதாம், "சரி, உங்கள் துணியைப் பற்றி நாளைக்குப் பேசுவோம்" என்றார்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து சாப்பிட்டது நாளைக்குப் பேசுவோம் என்று சொல்வதற்காகவா? ஆனால் ஒன்று. காவிரியைப் பற்றி என்னிடம் இத்தனை கேள்வி கேட்டவர்கள் வேறு யாருமில்லை.

ஜனவரி 22, வியாழன்

மீட்டிங். பஸ்தியான் எங்கள் சாம்பிள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைக் கிழி கிழியென்று கிழித்தான். நீலம் சோகமாக இருக்கிறதாம். (நீலம் சோகப்படுமா? கேட்டால் சிரிப்பார்கள்.) பேக்கிங் மட்டமாம். சரக்கு மார்ச் பாதியிலேயே வர வேண்டுமாம். துணி இன்னும் மென்மையாக இருக்க வேண்டுமாம். இரண்டு வருஷமாக இதே பாட்டு, இன்னும் மென்மை, இன்னும் மென்மை. நாங்களும் ஒவ்வொரு தடவையும் சாஃப்ட்னரைக் கூட்டிக் கூட்டி, இப்போது துணி பூனைக்குட்டி முதுகு மாதிரி வழுக்குகிறது. அதுவும் போதவில்லையாம்.

நான் எல்லாவற்றுக்கும் "எஸ்" என்றேன். நீலத்தை மாற்றிவிடலாம், எஸ். மார்ச் பாதி, எஸ். மென்மை, எஸ் எஸ். வாங்குகிறவர் வாய்க்கு எதிராக நம்மூரில் யார் பேசுவார்கள்? முதலில் சரி என்று சொல்லிவிட்டு, ஊருக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் எஸ் சொல்லச் சொல்ல பஸ்தியான் முகம் சுருங்கிக்கொண்டே போனது. மதாம் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்ததும் பெர்நாதெத் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா நீங்க, தலையாட்டிக்கிட்டே இருக்கீங்க? அவரு குத்தம் சொன்னா நீங்களும் திருப்பிச் சொல்லணும். இங்க அப்படித்தான். நல்லாச் சண்ட போட்டுட்டு ஒண்ணா காப்பி குடிக்கப் போவாங்க. எல்லாத்துக்கும் சரின்னா, ஒண்ணு விஷயம் தெரியல, இல்ல நெஜத்த மறைக்கிறாங்கன்னு நெனப்பாங்க."

"நான் யாவாரத்துக்கு வந்தனா, வம்புக்கு வந்தனா?" என்றேன். கோபத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

ஜனவரி 24, சனி

நல்ல சேதி. நாளை மதாம் வீட்டில் சாப்பாடு. "அக்கா, வியாபாரத்துக்கு வர்றவங்கள மதாம் வீட்டுக்குக் கூப்பிடவே மாட்டாங்க. அனேகமா காப்பி குடிக்கிறப்ப ஆர்டரச் சொல்லிடுவாங்க. நாளைக்கு மட்டும் வம்பு பண்ணாதீங்க" என்றாள் பெர்நாதெத். வியாழக்கிழமை வம்பு பண்ணச் சொன்னவளும் இவளேதான்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "காரியம் பழம் அம்மிணி! அங்க போயி வாயத் தொறக்காம சாப்பிட்டுட்டு வா" என்றார். பரிசு கொடுப்பதற்கு எங்கள் சரக்கிலேயே முதல் தரமான நாப்கின் செட் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பூ வாங்கலாம் என்று கடைக்குப் போனால், எந்தப் பூ எதற்கு என்று புரியாமல் திரும்பி வந்தேன். நம் சரக்கே பத்திரம்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதியாக வேண்டும். எழுதினால்தான் நான் செய்தது சரியா, கிறுக்குத்தனமா என்று எனக்கே தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் நேரம் தவறமாட்டார்கள் என்று, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் மணியடித்தேன். மதாம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி ஆடிப்போய், அப்புறம் சுதாரித்து, "வாருங்கள், வாருங்கள்" என்று ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினார். அப்புறம் வந்த பெர்நாதெத், "கொஞ்சம் லேட்டா வர்றதுதான்க்கா மரியாதை. அவங்களுக்குத் தல சீவ நேரம் குடுக்கணும்ல?" என்று காதைக் கடித்தாள். போச்சுடா, வாசலிலேயே ஒரு தப்பு.

பரிசைக் கொடுத்தேன். நம்மூரில் வாங்கியதைப் பிரிக்காமல் உள்ளே கொண்டு வைப்பார்கள். வந்தவர் எதிரிலேயே பிரித்தால் பறக்காவெட்டி என்று பேர் வந்துவிடும். இங்கே நேரெதிர். கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்துப் புகழ வேண்டுமாம். மதாம் பிரித்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "எவ்வளவு மென்மை!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அதோடு விட்டாரா? மேஜைமேல் வைத்திருந்த தன் பழைய வெள்ளை நாப்கின்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு தட்டருகிலும் நம் நீலத்தை வைத்தார். என்னைக் கௌரவிக்கிறாராம்.

ஆளாளுக்கு மடியில் விரித்தோம். என் வயசில் பாதி இந்தத் துணியோடு போயிருக்கிறது. நூல் தெரியும், சாயம் தெரியும், ஓரம் மடிப்பது தெரியும். ஆனால் சாப்பிடும்போது மடியில் விரித்துக்கொண்டது இன்றைக்குத்தான். ஹோட்டலில் தாள் நாப்கின் வைக்கிறார்கள். ஊரில் சாப்பிட்டு எழுந்தால் குழாயடிக்குப் போகிறோம், வாய் கொப்பளிக்கிறோம், முந்தானையில் துடைக்கிறோம்.

கோழியைப் பால் ஏடு போட்டுக் குழம்பாக வேகவைத்திருந்தார்கள். காரம் மருந்துக்கும் இல்லை, ஆனால் ருசி. ஏடு உதட்டில் ஒட்டியது. எல்லோரும் செய்வதைப் பார்த்து நானும் நாப்கின் நுனியை எடுத்து உதட்டில் ஒற்றினேன். ஒற்றிவிட்டு நாக்கால் தொட்டுப் பார்த்தால், ஏடு அப்படியே இருக்கிறது. இன்னொரு தடவை ஒற்றினேன். இடம் மாறியதே தவிரப் போகவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மதாம் ஒற்றுகிறார், உதடு பளபளக்கிறது. பெர்நாதெத் ஒற்றுகிறாள், கன்னம் வரைக்கும் இழுத்துக்கொண்டுவிட்டாள். பஸ்தியான் மீசையில் ஏடு சொட்டாக நிற்கிறது. துடைக்கிறான், துடைக்கிறான், சுண்ணாம்பு அடித்த மாதிரி மீசை முழுக்கப் பரவிக்கொண்டே போகிறது. ஆனால் ஒருத்தர் முகத்திலும் ஒரு சலனமில்லை! ஆபீசில் என்னை அந்தக் கிழி கிழித்தவன், இங்கே மேயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். விருந்தாளி கொடுத்த பரிசை மேஜையில் வைத்துக் குறை சொல்லமாட்டார்களாம்.

மடிக்குள் நாப்கினை வைத்துக்கொண்டு, கண்ணாடி டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேம்பிலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றது. உள்ளே இறங்கவே இல்லை. சாஃப்ட்னர்! இன்னும் மென்மை, இன்னும் மென்மை என்று அவர்கள் கேட்க, எஸ் எஸ் என்று நாங்கள் கொட்ட, துடைக்கிற துணி துடைக்காத துணியாகிவிட்டது. கடைக்காரர்கள் ஏன் மறுபடி கேட்கவில்லை என்று இவ்வளவு பேர் மண்டையை உடைத்துக்கொண்டோமே.

வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டால் காப்பி வரும், ஆர்டர் வரும், அண்ணன் சொன்ன மாதிரி காரியம் பழம். ஆனால் அடுத்த சீசனிலும் கடைக்காரர்கள் திரும்பி வரமாட்டார்கள். அப்போது யாரும் என்னை விருந்துக்குக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை. நாச்சம்மா அக்கா மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சீஸ் தட்டு வந்தது. "மதாம், இந்தத் துணி துடைக்கவில்லை" என்றேன்.

கத்திகள் நின்றன. பெர்நாதெத் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"நான் கொண்டுவந்த துணிதான். துடைக்கவில்லை. மிஸ்டர் பஸ்தியான், உங்கள் மீசையைத் தொட்டுப் பாருங்கள்."

அவன் தொட்டான். விரலைப் பார்த்தான். "என் மீசைதான் காரணம் என்று நினைத்தேன்" என்றான்.

"நீங்கள் யாருமே இதை வீட்டில் பயன்படுத்தவில்லையா?"

மதாம் தன் மாமியார் கொடுத்த பழைய துணிகளைத்தான் பயன்படுத்துகிறாராம். பஸ்தியான் வீட்டில் தாள். தைக்கிறவர்களும் துடைத்துப் பார்க்கவில்லை, விற்கிறவர்களும் துடைத்துப் பார்க்கவில்லை. நல்ல கூட்டு!

"சாஃப்ட்னரை நிறுத்த வேண்டும்" என்றேன்.

"முடியவே முடியாது" என்றான் பஸ்தியான். "கடையில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சொரசொரப்பாக இருந்தால் விற்காது."

"ஒரு தடவை விற்கும். ரெண்டாவது தடவை? இப்போது அதுதானே நடந்திருக்கிறது?"

"அப்படியானால் பாதியாகக் குறையுங்கள்."

"நோ" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. "பாதி குறைத்தால் பாதிதான் துடைக்கும். அதோடு மார்ச் பாதியில் சரக்கு வராது. நான் எஸ் சொன்னது பொய். சாயப்பட்டறையில் வரிசை நிற்கிறது. மார்ச் கடைசிக்குத்தான் முடியும்."

அவன் கையை ஆட்டிக் கத்தினான். நானும் கத்தினேன். நடுவில் ஒரு தடவை "போய்யா, உனக்கென்ன தெரியும்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. அதை மட்டும் பெர்நாதெத் மொழிபெயர்க்கவில்லை. சீஸ் தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. சண்டை போட்டுக்கொண்டே எனக்கு ரொட்டி நறுக்கிக் கொடுத்தான் அந்த மனுஷன்!

மதாம் எழுந்து போய்த் தன் பழைய நாப்கின் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கல்யாணத்தன்று இது அட்டை மாதிரி இருந்தது. வருஷக்கணக்கில் துவைத்துத்தான் இப்படி ஆனது" என்றார். பிறகு, "மதாம் சாந்தாமணி, ஒரு வாரமாக நீங்கள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றீர்கள். எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். குரலில் கோபமில்லை.

ஆர்டர் கொடுத்தாரா? இல்லை. சாஃப்ட்னர் இல்லாமல் ஒரு சின்ன லாட் சரக்கு மார்ச் கடைசியில் அனுப்ப வேண்டும். அவர் மேஜையிலும் பஸ்தியான் மேஜையிலும் ஈஸ்டர் வரைக்கும் அதைத்தான் பயன்படுத்துவார்கள். அதன் பிறகே முடிவு. போர்ச்சுகல்காரர்களுக்கும் அதுவரை பதில் இல்லை.

காப்பி கசந்தது. சர்க்கரை கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரி 26, திங்கள்

அண்ணனிடம் சொன்னேன். "ஏம்மிணி, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலயா உனக்கு? தட்டுல வந்த சோத்தத் தட்டிவுட்டுட்டு வந்து நிக்கறயே!"

"இந்த வருசம் குடுத்திருப்பாங்ணா. அடுத்த வருசம் நிறுத்தியிருப்பாங்க."

"அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாத்திருப்பேன் நானு" என்று போனை வைத்துவிட்டார். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு ஆபீசுக்குப் போனேன். மேஜை மேஜையாகக் கைகுலுக்கினேன். ஆளுக்கு ஒரு தடவை.

பிப்ரவரி 6, வெள்ளி. கரூர்

அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நசீமாவிடம் சொல்லி அனுப்புகிறார். நசீமா வந்து, "அக்கா, உங்க அண்ணன் மூஞ்சி அரிசி மூட்டையாட்ட இருக்குது, என்ன பண்ணுனீங்க?" என்கிறாள். ஹால் மூடப் போகிறது என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நாச்சம்மா அக்கா என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அண்ணன் அறைக்குள் ஃபைல் வைக்கப் போனேன். மேஜையில் காப்பி கொட்டியிருக்கிறது. ஒரு பக்கம் பழைய நாப்கின், ஒரு பக்கம் சாஃப்ட்னர் போடாத புது சாம்பிள். பழையது காப்பியை மேஜை முழுக்க இழுத்திருக்கிறது. புதியதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும், "காப்பி தெரியாமக் கொட்டிருச்சு" என்றார். நேரடியாகப் பேசிவிட்டாரே, அது போதும்.

மார்ச் 27, வெள்ளி

சின்ன லாட் விமானத்தில் போய்விட்டது.

ஏப்ரல் 8, புதன்

காலையில் பஸ்தியானிடமிருந்து மெயில். திறக்கக் கை வரவில்லை, நசீமாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படித்தேன். நீலம் இன்னும் சோகம்தானாம். முதல் இரண்டு துவையலுக்கு முரடாக இருந்ததாம். அவன் மாமனார் அதைப் பற்றி ஈஸ்டர் சாப்பாட்டில் புகார் சொன்னாராம். மதாம் மேஜையில் ஆட்டுக்கறிக் குழம்பு கொட்டிவிட்டதாம், துணி அதைக் குடித்துவிட்டதாம். அத்தனை குறைக்கும் அடியில் ஒரு வரி. தொடர்கிறோம், போன வருஷ அளவே, ஜூன் முதல்.

நசீமா போட்ட சத்தத்தில் மெஷின்கள் நின்றுவிட்டன. அண்ணன் கைத்தடியோடு வந்து மெயிலை மறுபடி மறுபடி படித்தார். "குத்தமாத்தான எழுதியிருக்கறான்?" என்று சந்தேகமாகக் கேட்டார். "ஆமாங்ணா, அதனாலதான் நம்பலாம்" என்றேன். பிரியாணிக்குச் சொல்லி அனுப்பினார்.

ஹாலில் பாயை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். புது லாட்டில் மிஞ்சியதை எடுத்து ஆளுக்கு ஒன்றாக மடியில் போட்டேன். "குழாயடிக்கு யாரும் போகக்கூடாது. இதுலதான் வாய் துடைக்கணும்" என்றேன். ஒரே சிரிப்பு. "ஐய, எச்சிலு! நல்ல துணிய நாசம் பண்ணச் சொல்றீங்களே" என்று கத்தினார்கள்.

நாச்சம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாப்கினை மடியில் நீவி விட்டுக்கொண்டு, "டிவி மேல போடற துணின்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தன நாளா" என்றார். நாலு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக உதட்டைத் துடைத்தார். எண்ணெய் துணியில் இறங்கியது. அக்கா முகத்தைச் சுளித்தார்.

"மூலைத் தையல் குத்துது சாந்தா. நூல இழுத்துக் கட்டியிருக்கறா. எவ தெச்சவ இத?"

நசீமா எட்டி, தைத்தவருக்கு ஒரு நிறமாக ஓரத்தில் வைக்கிற அடையாள நூலைப் பார்த்தாள். "நீங்கதானுங்க்கா" என்றாள்.

ஹாலே அதிர்ந்தது. நாச்சம்மா அக்கா சிரிக்கவில்லை. இலையில் பாதி பிரியாணி இருக்கிறது. கையை அந்த நாப்கினிலேயே துடைத்துக்கொண்டு எழுந்து, மெஷினருகே போய், பிரிக்கிற ஊசியை எடுத்து மூலையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"மத்ததையும் கொண்டா" என்றார்.

ஒவ்வொருத்தியாக எழுந்து போய்க் கொடுத்தோம்.